பத்தியம் காப்பதும் அமானிதமே!

 



பூமியில் உள்ளவற்றில் ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணுமாறு அல்குர்ஆன் (2:168) மனித குலம் முழுவதையும் நோக்கிக் கட்டளையிடுகிறது. இவ்விரண்டில் ஹலாலைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அறுத்தவர் யார், அறுத்த முறை என்ன, அதை வாங்கிய பணம் எவ்வழியில் வந்தது என்றெல்லாம் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் தய்யிப், அதாவது தூயதும் நலம் தருவதும் ஆகிய உணவு என்ற சொல்லின் மீது நம் கவனம் அந்த அளவுக்குச் செல்வதில்லை. ஊரே உண்ணும் ஹலாலான ஓர் உணவு ஒருவருடைய உடலுக்கு மட்டும் கேடாக இருந்தால், அவருக்கு அது தய்யிபானதாக ஆகுமா? இந்தக் கேள்வியை நான் கிதாபில் படித்துக் கற்கவில்லை. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியிடம் நான் செய்த தவறின் மூலமாகவே கற்றேன்.

எங்கள் மக்தபில் பிள்ளைகள் அம்ம ஜுஸ்உ ஓதி முடித்த நாளில் தம்ரூட் வழங்கினோம். அந்தச் சிறுமி மட்டும் கையை நீட்டவில்லை. "எனக்குச் சேராது ஹஜ்ரத், உம்மா சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள். "ஓதி முடித்ததற்கான தபர்ருக் அல்லவா மகளே! ஒரு வாய்தானே, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடு, ஒன்றும் ஆகாது" என்று என் கையாலேயே கொடுத்தேன். அவளும் தின்றாள். அன்றிரவே வாந்தியும் வயிற்றுவலியும் வந்து, மூன்று நாள்கள் படுக்கையில் கிடந்தாள். அவளுடைய அத்தா என்னிடம் வந்தபோது கோபப்படவில்லை. "உடம்பு தேறிவிட்டது ஹஜ்ரத். ஆனால் இப்போது எதைத் தடுத்தாலும், ஹஜ்ரத்தே சாப்பிடச் சொன்னார்களே என்கிறாள். நீங்களே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மருத்துவரும் பெற்றோரும் இரண்டாண்டுகளாகக் கட்டிய மதிலை என் ஒரு வார்த்தை இடித்துவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அன்று நான் அறியாமல் இருந்ததை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சீலியாக் என்னும் நோய்

கோதுமை, பார்லி எனப்படும் வாற்கோதுமை, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. பரோட்டா மாவு இழுத்த இழுப்புக்கெல்லாம் வருவது இந்தப் புரதத்தினால்தான். பெரும்பாலானோருக்கு இதனால் எந்தக் கேடும் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கோ இது குடலுக்குள் சென்றதும், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கத் தொடங்கிவிடுகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப் போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. உண்ட உணவின் சத்து உடலில் சேர்வதில்லை.

சிலருக்கு ஓயாத வயிற்றுப்போக்கும் வயிற்று உப்புசமும் உண்டாகும். சில பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரமும் எடையும் இன்றி நிற்பார்கள். சிலருக்கு எத்தனை இரும்புச்சத்து மாத்திரை உண்டாலும் இரத்தச்சோகை தீராது. எலும்பு பலவீனமும், அடிக்கடி கருச்சிதைவும் இந்நோயினால் ஏற்படலாம். வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் உள்ளே குடல் பழுதாகிக்கொண்டிருப்பதும் உண்டு. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவர்களும் சோதித்துக்கொள்வது நல்லது. முதலில் இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் குடலின் உட்சுவரிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் செய்யும் பரிசோதனையும் நடைபெறும். சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

இது பணக்காரர்களின் நாகரிக நோய் என்று எண்ணிவிட வேண்டாம். உலக மக்களில் ஏறத்தாழ 100 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது. மேற்குச் சஹாராவைச் சேர்ந்த முஸ்லிம்களான சஹ்ராவி மக்களின் குழந்தைகளில் 5.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக 1999 இல் வெளியான ஆய்வு கூறியது. பாலைவனத்து ஏழை மக்கள் அவர்கள். நம் நாட்டில் கோதுமையே முக்கிய உணவாக இருக்கும் வட மாநிலங்களில் இது அதிகமாகவும், அரிசி உண்ணும் தென்மாநிலங்களில் மிகக் குறைவாகவும் இருப்பதை 2016 இல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கே குறைவாக இருப்பதாலேயே நம்மவர்களுக்கு இதைப் பற்றித் தெரிவதில்லை. தெரியாததாலேயே அந்த ஒருசிலர் படும் சிரமம் இரட்டிப்பாகிறது.

இந்நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்பது வெளிப்பட்ட வரலாறு படிப்பினை மிக்கது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்து நாட்டில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. ரொட்டி கிடைக்கவில்லை. மக்கள் பசியால் மடிந்துகொண்டிருந்த அந்த நாள்களில், சீலியாக் நோயுற்ற குழந்தைகளின் உடல்நிலை மட்டும் முன்னேறுவதை வில்லம் கரேல் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கண்டார். பஞ்சம் தீர்ந்து ரொட்டி திரும்பியதும் அக்குழந்தைகள் மீண்டும் நோயுற்றனர். கோதுமையின் மீது அவர் முன்பே கொண்டிருந்த ஐயம் இதனால் வலுப்பெற்றது. தம் ஆய்வை 1950 இல் அவர் நூலாக அளித்தார். அன்று முதல் இன்று வரை இந்நோய்க்குப் பத்தியம் ஒன்றே மருந்தாக இருந்து வருகிறது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை முற்றிலும் தவிர்ப்பதே அந்தப் பத்தியம். முறையாகத் தவிர்த்தால் குடல் மெல்ல மெல்லத் தேறிவிடும். பிள்ளை வளரும், ஓதும், விளையாடும்.

நபி (ஸல்) அவர்கள் உண்ட உணவாயிற்றே!

இங்கே நம்மவர்களின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும். வாற்கோதுமை ரொட்டி நபி (ஸல்) அவர்கள் உண்ட உணவாயிற்றே! நோயாளிக்குத் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சி ஆறுதல் தரும் என்று ஹதீஸில் வந்துள்ளதே! அது எப்படிக் கேடு செய்யும்?

பெருமக்களே! உம்முல் முன்திர் (ரலி) என்ற அன்சாரிப் பெண்மணி அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். நோயிலிருந்து தேறிவந்த அலீ (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் அப்பெண்மணியின் வீட்டுக்கு வந்தார்கள். அங்கே பேரீச்சங்குலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நபியவர்கள் அதிலிருந்து உண்டார்கள். அலீ (ரலி) அவர்களும் உண்ணத் தொடங்கியபோது, நோயிலிருந்து இப்போதுதான் எழுந்திருக்கிறீர் என்பதை நினைவூட்டி அவர்களைத் தடுத்துவிட்டார்கள். பின்னர் அப்பெண்மணி வாற்கோதுமையும் கீரையும் சேர்த்துச் சமைத்து வந்தபோது, இதுவே உமக்கு ஏற்றது என்று அலீ (ரலி) அவர்களை உண்ணச் செய்தார்கள். (நூல்கள்: அபூதாவூத், திர்மிதீ, இப்னுமாஜா)

பேரீச்சம்பழத்தைவிடப் பரக்கத்தான உணவு எது? அதைத் தாங்கள் உண்டுகொண்டே, நோயாளியை மட்டும் நபியவர்கள் தடுத்தார்கள். அன்று அலீ (ரலி) அவர்களுக்குப் பேரீச்சம்பழம் ஏற்றதாக இல்லை, வாற்கோதுமை ஏற்றதாக இருந்தது. சீலியாக் நோயாளிக்கு வாற்கோதுமை ஏற்றதில்லை, பேரீச்சம்பழம் ஏற்றது. தானியம் மாறுகிறது, சுன்னத்தான வழிமுறை மாறவில்லை. உடலின் நிலையறிந்து கேடானதை விலக்கி, நன்மையானதைக் கொடுப்பதே அந்த வழிமுறை. பத்தியம் என்பதை அறிஞர்கள் ஹிம்யா என்பர். இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ஸாதுல் மஆதில் இதனைப் பற்றி விரிவாகவே எழுதியுள்ளார்கள்.

இன்னொன்றையும் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். கோதுமையைத் தவிர்ப்பவர், அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராமாக்கிக்கொண்டவர் ஆகமாட்டார். மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் உடும்பு இறைச்சி பரிமாறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் கேட்டபோது, இல்லை, தம் சமூகத்தாரின் பூமியில் இது இருந்ததில்லை, அதனால் மனம் ஒப்பவில்லை என்று விளக்கினார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே காலித் (ரலி) அவர்கள் அதை உண்டார்கள். (நூல்கள்: புகாரி, முஸ்லிம்) மனம் ஒப்பாததற்கே மறுக்கலாம் என்றால், உடல் ஒப்பாததற்கு மறுப்பதில் என்ன குறை இருக்க முடியும்?

ஒரு வாய்தானே!

நம் வீடுகளில் அன்போடு சொல்லப்படும் இந்தச் சொல்தான் இந்நோயாளிகளுக்கு வரும் பெருஞ்சோதனை. நன்னிமா சொல்வார், மாமி சொல்வார், என்னைப் போன்ற ஹஜ்ரத்தும் சொல்வார். எல்லோரும் அன்பினால்தான் சொல்கிறோம்.

ஆனால் குடலுக்கு அன்பு தெரியாது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதங்கள் தொடர்ந்து உடலில் சேர்ந்தாலே குடலில் பழுது உண்டாவதை 2007 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு துண்டு ரொட்டியில் உள்ளதில் மிகச் சிறிய பங்கே அது. குளூட்டன் அற்றது என்று அச்சிட்டு விற்கும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பதே பன்னாட்டு விதி. நம் இந்திய விதியும் அதுவே. தின்றவுடன் வாந்தி வரவில்லை என்பதால் கேடு இல்லை என்று ஆகிவிடாது. வெளியே தெரியாமல் உள்ளே புண்ணாகிக்கொண்டிருக்கும்.

அறியாமல் கூறும் ஒரு சொல் எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு ஹதீஸில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பயணத்தில் இருந்த ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம் ஏற்பட்டிருந்தது. அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். (நூல்: அபூதாவூத்) அந்த ஹதீஸை மத்ரஸாவில் ஓதியவன் நான், பிறருக்கும் ஓதிக் கொடுத்தவன். அப்படியிருந்தும் அந்தச் சிறுமியிடம், ஏன் மகளே சேராது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிஸ்மில்லாஹ் சொல்லி உண்டால் ஒன்றும் ஆகாது என்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதே தவக்குல். நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ளக் கூடாது என்பது அல்குர்ஆனின் (2:195) எச்சரிக்கை.

சமையலறையில்

அரிசியும் சிறுதானியமும் நிறைந்த பூமியில் நம்மைப் படைத்த அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துவோம். அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம், பருப்பு வகைகள், மரவள்ளி, உருளைக்கிழங்கு, ஜவ்வரிசி ஆகிய எதிலும் குளூட்டன் இல்லை. இறைச்சி, மீன், முட்டை, பால், காய், கனி அனைத்தும் ஏற்றவையே. இட்லி, இடியப்பம், ஆப்பம், அரிசிப் பத்திரி, நெய்ச்சோறு, வட்டலப்பம், கடற்பாசி என்று நம் வீடுகளின் பாரம்பரிய உணவில் பெரும்பகுதி இவர்களுக்கு உகந்தது. விலையுயர்ந்த பாக்கெட்டுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கேழ்வரகும் கம்பும் கீரையும் பருப்பும் உணவில் அடிக்கடி இடம்பெற்றால், கோதுமையை விட்டதால் குறையக்கூடிய நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் ஈடாகும்.

விலக்க வேண்டியவற்றில் சப்பாத்தியும் பரோட்டாவும் எல்லோருக்கும் தெரியும். மைதா, ரவை, சேமியா, சம்பா கோதுமை, பிஸ்கட், ரஸ்க், கேக் யாவும் கோதுமையே. மறைந்திருப்பவைதாம் ஆபத்தானவை. கடையில் விற்கும் பெருங்காயம், கட்டியாயினும் தூளாயினும், பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்தது. அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, உறையைப் படித்து வாங்க வேண்டும். மால்ட் பானங்கள் முளைகட்டிய வாற்கோதுமையில் செய்யப்படுபவை. சோயா சாஸிலும் சூப் கட்டிகளிலும் கோதுமை இருக்கலாம். ஓட்ஸ் பொதுவாகக் கோதுமையுடன் கலந்துவிடுவதால், மருத்துவரிடம் கேட்காமல் தரக் கூடாது. மாத்திரை வாங்கும்போதும் மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே வீட்டில் மற்றவர்கள் கோதுமை உண்ணும்போது இன்னும் கவனம் தேவை. சப்பாத்தி சுட்ட கல்லிலேயே அவருக்குத் தோசை வார்க்கக் கூடாது. தனிக் கல், தனிச் சல்லடை, தனி மரக்கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். சமோசா பொரித்த எண்ணெயில் அவருக்கு வடை பொரிக்காதீர்கள். அவருக்குரியதை முதலில் சமைத்து மூடி வைத்துவிட்டு, பிறகு கோதுமை மாவைப் பிசையுங்கள். மாவு மில்லில் கோதுமை அரைத்த இயந்திரத்தில் நம் அரிசியைப் போட்டால், அந்த அரிசி மாவும் அவருக்கு ஆகாது. வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்வது பாதுகாப்பானது. நஜீஸ் பட்ட பாத்திரத்தைக் கழுவாமல் புழங்கமாட்டோம் அல்லவா? கோதுமை நஜீஸ் ஆகாது, எனினும் இவர் விஷயத்தில் அதே கவனம் வேண்டும் என்று விளங்கிக்கொண்டால் சமையலறையில் குழப்பம் வராது.

ரமளானும் பெருநாளும் விருந்தும்

பத்தியத்தால் உடல் தேறியவர் மருத்துவரின் ஆலோசனைப்படி நோன்பு நோற்கலாம். நோயால் இயலாதவருக்கு வேறு நாள்களில் நோற்கும் சலுகையை அல்குர்ஆன் (2:184, 185) வழங்கியுள்ளது. பேரீச்சம்பழமும், நொய்யரிசியில் காய்ச்சிய நோன்புக் கஞ்சியும் இவர்களுக்கும் உகந்தவை. கஞ்சி காய்ச்சுவோர் அதில் கோதுமை ரவையோ பெருங்காயமோ சேர்த்தால் கேட்பவரிடம் மறைக்காமல் சொல்லட்டும். ஹலீம் கோதுமையால் ஆனது, சமோசா மைதாவால் ஆனது. பெருநாள் காலையில் சேமியாவுக்குப் பதிலாக ஜவ்வரிசிப் பாயசம் காய்ச்சினால் வீட்டார் அனைவரும் ஒன்றாகவே குடிக்கலாம். ஏழைகளுக்கு ரமளான் பொருள்களைப் பொதிகளாக வழங்கும் ஜமாஅத்தார்கள், கோதுமை மாவும் சேமியாவும் ஆகாத குடும்பம் மஹல்லாவில் உண்டா என்று விசாரித்து, அவர்களுக்கு அரிசியாக மாற்றிக் கொடுத்தால் அது பெரிய நன்மை.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஒரே சஹனில் பலர் சேர்ந்து உண்பது நம் முன்னோர் வழக்கம். சேர்ந்து உண்பதில் பரக்கத் உண்டு. ஆனால் ஒரு சஹனில் ஒருவர் ரொட்டியைப் பிட்டுப் போட்டால், அது இவருக்கு ஆகாததாகிவிடும். இவர் தனித் தட்டில் உண்டால் பெருமை பிடித்தவர் என்று பேசுகிறோம். நூர் அத்தியாயத்தின் 61 ஆம் வசனத்தைப் பாருங்கள். குருடர், முடவர், நோயாளி ஆகியோர் மீது குற்றமில்லை என்று சொல்லி, சேர்ந்து உண்டாலும் தனித்தனியாக உண்டாலும் குற்றமில்லை என்று அதே வசனம் அறிவிக்கிறது. அல்லாஹ் குற்றமில்லை என்று சொன்னதை நாம் குற்றமாக்கலாமா? அவருக்குத் தனித் தட்டில் முதலிலேயே எடுத்து வைத்து, அதே விரிப்பில் நம் பக்கத்திலேயே அமர வையுங்கள். விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளம். அவர் உடலுக்கு ஆகாததைத் திணிப்பது கண்ணியப்படுத்துவது ஆகாது. நோயாளிகளும் விருந்தளிப்பவரின் உணவைக் குறைகூறாமல், தமக்கு ஆகாததை மென்மையாகச் சொல்லி விலகிக்கொள்ளட்டும். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை, விரும்பினால் உண்பார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். (நூல்கள்: புகாரி, முஸ்லிம்)

திருமணப் பேச்சின்போது பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ இந்நோய் இருப்பதை மறைக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மறைத்தால் மறுவீட்டுச் சமையலறையில் முதல் நாளே உங்கள் பிள்ளை நோயுறும். பத்தியம் காப்பவர் எல்லோரையும் போல் இல்லறம் நடத்தலாம், பிள்ளை பெறலாம். இதை எடுத்துச் சொல்லி, உண்மையை உரைத்து மணம் முடியுங்கள்.

வியாபாரிகளே!

நம்மில் பலர் ஹோட்டலும் பேக்கரியும் மளிகைக் கடையும் நடத்துகிறோம். இதில் கோதுமை கலந்திருக்கிறதா என்று ஒருவர் கேட்டால், வியாபாரம் போய்விடுமே என்று இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பரோட்டாக் கல்லிலேயே தோசையும் வார்க்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். சில இடங்களில் பிரியாணி தேக்சாவின் மூடியைச் சுற்றி மைதா மாவை ஒட்டித் தம் போடுகிறார்கள், அதுவும் கேட்பவருக்குத் தெரிய வேண்டும். தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவன் தம்மைச் சார்ந்தவன் இல்லை என்று கண்டித்தார்கள். (நூல்: முஸ்லிம்) வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாத ஈரத்துக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், கண்ணுக்குத் தெரியாத மைதாவுக்கும் அது பொருந்தும்.

பயணத்தில், ஹஜ் உம்ராவில்

வீட்டில் காத்த பத்தியம் பயணத்தில்தான் உடையும். இரயிலில் செல்வோர் இட்லி, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, அவல், பொரி, பொட்டுக்கடலை, பழம் என்று வீட்டிலிருந்தே கட்டிக்கொள்வது சிறந்தது. வெளியே இட்லி கிடைத்தாலும் சாம்பாரில் பெருங்காயம் இருக்கும், வீட்டுப் பொடி கையில் இருக்கட்டும். விமானத்தில் குளூட்டன் இல்லாத உணவு வேண்டும் என்று பயணச்சீட்டு எடுக்கும்போதே பதிவு செய்யும் வசதி பல நிறுவனங்களில் உண்டு. அதை நம்பி வெறுங்கையோடு ஏறிவிடாமல், ஒரு வேளைக்கான உணவைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹஜ், உம்ராவுக்குச் செல்வோர் பயணக் குழுவினரிடம் பணம் கட்டும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். மருத்துவரின் கடிதத்தையும், ஆகாத தானியங்களை அரபியில் எழுதிய அட்டையையும் உடன் வைத்திருங்கள். நாம் கிதாபில் ஓதிய ஹின்த்தா என்ற சொல்லும் கோதுமைதான், ஆனால் கடைத்தெருவில் கம்ஹ் என்றால் எளிதில் விளங்கும். வாற்கோதுமைக்கு ஷஈர், மாவுக்குத் தகீக். காலி மினல் ஜுலூதீன் என்று உறையில் அச்சிட்டிருந்தால் குளூட்டன் அற்றது என்று பொருள். குப்ஸ், மஃமூல், குனாஃபா, ஹரீஸ் யாவும் கோதுமை சார்ந்தவை. 2023 இல் சவூதி அரேபியா தன் தேசிய உணவாக அறிவித்த ஜரீஷும் குறுணைக் கோதுமையில் சமைப்பதே. கப்ஸாவும் மந்தியும் அரிசிதான், ஆனால் சூப் கட்டியோ மாவோ சேர்த்தார்களா என்று கேட்டு உண்ண வேண்டும். பேரீச்சம்பழம், தயிர், மோர், அவித்த முட்டை, பழங்கள் எங்கும் கிடைக்கும். மினாவின் கூடாரங்களில் பல்லாயிரம் பேருக்குச் சமைக்கும் உணவில் ஒருவருக்காக மாற்றம் கேட்பது எளிதன்று. அந்த நாள்களுக்கான அவலும் பொரியும் பேரீச்சம்பழமும் உங்கள் பையில் இருக்கட்டும். பசியால் ஏதோ ஒன்றை உண்டு நோயுற்றால், அரஃபாவின் அந்த ஒரு நாள் துஆவுக்கு உடலில் வலு இருக்காது.

உடன் செல்லும் ஹாஜிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அவர் தனியாக உண்பதைப் பார்த்து, அல்லாஹ்வின் வீட்டுக்கு வந்தும் பத்தியமா என்று கேட்காதீர்கள். பயணிக்குத் தொழுகையையே சுருக்கிக் கொடுத்த மார்க்கம் இது.

எல்லோருக்கும் உரியதன்று

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, கோதுமை கெட்ட உணவு என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. உடல் நலத்தோடு இருப்பவர்களுக்கு அது அல்லாஹ்வின் நிஃமத். நல்ல பொருள்களை நாமாக ஹராமாக்கிக்கொள்வதை அல்குர்ஆன் (5:87) தடுக்கிறது. ஐயம் இருந்தால் மருத்துவரிடம் சென்று சோதியுங்கள். நோய் இருப்பது உறுதியானால், நம் உடலுக்கு நம் மீது உரிமை உண்டு என்ற நபிமொழியை நினைவில் வைத்துப் பத்தியத்தைப் பேணுங்கள். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். தம் உடலைப் பேணுவது நோயாளியின் கடமை, அதற்குத் துணை நிற்பது வீட்டாரின் கடமை, அதைக் குலைக்காமல் இருப்பது நம் அனைவரின் கடமை.

அந்தச் சிறுமியின் வீட்டுக்குச் சென்றேன். "நான் சொன்னது தவறு மகளே. உன் உம்மா சொல்வதே சரி. இனி ஹஜ்ரத் கொடுத்தாலும் கேட்காமல் வாங்கக் கூடாது" என்றேன். அவள் தலையசைத்தாள். இப்போது எங்கள் மக்தபில் பிள்ளைகள் ஓதி முடித்தால் பேரீச்சம்பழமே வழங்குகிறோம். வரிசையில் அவளும் நிற்கிறாள், எல்லோரையும் போல் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறாள்.

யா அல்லாஹ்! நோயுற்ற எங்கள் பிள்ளைகளுக்கு நிறைவான ஷிஃபாவையும், அவர்களின் பெற்றோருக்குப் பொறுமையையும் வழங்குவாயாக! அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைப்பதிலிருந்து எங்கள் நாவுகளையும் கைகளையும் காப்பாயாக! ஹலாலானதும் தய்யிபானதுமான ரிஜ்கை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.